கல்யாண வீட்டுச் சத்தம்

உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலத்தில், பக்கத்துக் கடை ஞானதுரையின் வீடியோ ஸ்டுடியோவாக இருந்தது. இரண்டு கடைக்கும் நடுவே சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அங்கே ஓடுகிற கல்யாணமெல்லாம் என் காதிலும் ஓடும். கம்பம், சின்னமனூர், போடி என்று பல ஊர்க் கெட்டிமேளத்தை முகம் பார்க்காமலே கேட்டிருக்கிறேன். நாகஜோதியைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்தப் பலகை வழியாக வந்தது. மீதியை அவளே சொன்னாள்.

அவள் கோம்பைக்காரி. அப்பா கருத்தக்கண்ணனுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் தென்னையும் கடலைக்காடும் இருந்தன. பிளஸ் டூ முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார் அப்பா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் அம்மா பவுனு. அந்த இடைவெளியில் நாகஜோதி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஞானதுரையிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வீடியோவின் தொடக்கத்தில் வருகிற பெண், மாப்பிள்ளை பெயர்களை அடிப்பதுதான் முதலில் அவள் வேலை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் பேசினாலும் அப்படியே பேசிக்காட்டுவாள். வார்த்தையை மட்டுமல்ல, வார்த்தைக்கு நடுவில் அவர்கள் செருமுவது, இழுப்பது, எச்சில் விழுங்குவது எல்லாம் வந்துவிடும். சேர்ந்த புதிதில் ஒருநாள் ஞானதுரை டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது கடைக்குள் அவருடைய குரலே போனில் பேசிக்கொண்டிருந்தது. "சொல்லுங்கண்ணாச்சி. கேசட்டு இப்பத்தான் மிக்சிங்ல கெடக்கு. சாயங்காலம் கையில குடுத்துருவோம்." எல்லா வாடிக்கையாளருக்கும் மாதக்கணக்கில் அவர் சொல்லிவந்த பதில் அது. வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நான் இம்புட்டுப் பொய்யாவா பேசுறேன்?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தாமரை விரியும், அதற்குள்ளிருந்து பெண் எழுந்து வருவாள். மாப்பிள்ளை பனிமலை மேல் நிற்பார். இதயம் ஒன்று துடித்துக்கொண்டே வந்து இரண்டு முகங்களையும் விழுங்கும். நடந்த கல்யாணத்தின் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுகளைப் போடுவார்கள். பெயர் அடிக்க வந்த நாகஜோதி இதையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். மிக்சர் மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, ஞானதுரை நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டுக் கணக்குவழக்கோடு நின்றுகொண்டார்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வீட்டுக் கல்யாணம் வந்தது. அவளுக்குத் தாமரை சலித்திருக்க வேண்டும். கேமராக்காரன் சுரேஷ்கண்ணனை அவர்கள் தோட்டத்துப் பந்தலுக்கே அனுப்பி, ஒரு பெரிய கொத்தை எடுத்துவரச் சொன்னாள். வீடியோவில் அந்தக் கொத்தின் ஒவ்வொரு பழத்துக்குள்ளும் ஒரு சொந்தக்காரர் முகம் வந்தது. கடைசியில் கொத்தே திறந்து மணமக்கள் வந்தார்கள். அந்த வீட்டார் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் ஏலக்காய் வியாபாரி வீட்டுக்கு ஏலக்காய் வெடித்து மணமக்கள் வந்தார்கள். லாரி வைத்திருந்தவர் டயருக்குள் வர வேண்டும் என்றார், அப்படியே வந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே செய்தாள். கம்ப்யூட்டர் வந்து மனுஷனுக்குக் கற்பனையே வற்றிப்போச்சு என்று டீக்கடையில் எல்லோரும் பேசிய காலம் அது. நானும் பேசியிருக்கிறேன். ஜெராக்ஸ் போட்டுப் பிழைக்கிறவனுக்கு அதைச் சொல்ல என்ன தகுதி என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை வந்துவிட்டது. சின்னமனூர் ஸ்டுடியோவில் திராட்சை, தேனி ஸ்டுடியோவில் திராட்சை. ஒரு கொடிகூட வைத்திராத வீட்டுக்காரர்களும் அதையே கேட்டார்கள். முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு என்னிடம், "வாயெல்லாம் புளிக்குதுண்ணே" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் சங்கரலிங்கம் வந்தார்.

ஆனி மாதம், மத்தியானம். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டை. என் கடையில் விசாரித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் போனார்.

"யாருத்தா இங்கன கல்யாண வீடியோ செய்யிறது?"

"நாந்தாண்ணே. சொல்லுங்க."

"என் பேரு சங்கரலிங்கம். நாயனம் வாசிக்கிறவன். வைகாசியில அனுமந்தன்பட்டிக் கல்யாணம் ஒண்ணு எடுத்தீகல்ல. அந்த வீட்டுல போட்டுக் காட்டுனாக."

"நல்லா இருந்துச்சாண்ணே?"

"படம் நல்லாத்தான் இருக்கு. என் கன்னம் உப்புது. வெரலு ஓடுது. கண்ண மூடித் தலைய ஆட்டுறேன். ஆனா பாடுறது வேற யாரோ."

நாகஜோதி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சண்டைக்கு வரலத்தா," என்றார் அவர். "சினிமாப் பாட்டு நானும் வாசிக்கிறவந்தான். விசயம் என்னன்னா, அன்னைக்குப் பொண்ணு மணவறைக்கு வரத் தாமசமாச்சு. சும்மா இருக்க வேணாமேன்னு பிலஹரிய எடுத்தேன். இத்தன வருசமா காலையில வாசிக்கிற ராகந்தான். ஒரு எடத்துல, இதுவரைக்கும் நான் போகாத பக்கமாப் போயிருச்சு. எப்படிப் போனேன்னு எனக்கே தெரியல. வீட்டுல ஒக்காந்து வாசிச்சு வாசிச்சுப் பாக்குறேன், அந்த வழி ஆப்புட மாட்டேங்குது. நீங்க எடுத்த கேசட்டுல அது இருக்கும்ல. ஒருக்காக் கேட்டாப் போதும், பிடிச்சுக்கிருவேன்."

அவள் அலமாரியைத் திறந்து தேடினாள். படம் பிடித்த மூல கேசட்டை வேலை முடிந்ததும் அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்துவது எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். அனுமந்தன்பட்டிக் கல்யாணத்தின் மேல் கோம்பைக் காதுகுத்து ஒன்று ஏறியிருந்தது. காதுகுத்து சின்னது. அதனால் கேசட்டின் வால்பகுதியில் பழைய கல்யாணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. போட்டாள். சாம்பார் வாளியைக் கேட்டு யாரோ கத்தினார்கள். ஒரு குழந்தை அழுதது. தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. சங்கரலிங்கம் கடைசி வரை குனிந்தே கேட்டார்.

"இது பந்தியில வாசிச்சது," என்றார். "சினிமாப் பாட்டு. அவுகளாக் கேட்டாக."

நாகஜோதி கேசட்டை வெளியே எடுத்தாள். "விடுத்தா. வேணும்னா அழிச்ச?" என்று எழுந்தார். நான் வாங்கி வந்த டீயைக் குடித்தார். வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணே, இத்தன வருசமா ஊமைப் படந்தான் சேத்து வச்சிருக்கோம். ஒரு கல்யாணத்துலகூட அந்தக் கல்யாணம் பேசல," என்றாள்.

ஞானதுரையிடம் கேட்டு ஒரு தனி மைக் வாங்கவைத்தாள். சுரேஷ்கண்ணனுக்கு அது கூடுதல் சுமை. "நான் எடுக்குறது வீடியோ. ரேடியோ இல்ல," என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கிப் போனான். அடுத்த கல்யாணம் சின்னமனூரில். அதில் சினிமாப் பாட்டே போடாமல், நடந்த சத்தத்தை அப்படியே வைத்துக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் மொக்கைச்சாமி மறுநாளே வந்துவிட்டார். உரக்கப் பேசாத மனிதர். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, பாட்டெல்லாம் எங்க? ஒருத்தன் செருப்பக் காணோம்னு கத்துறான். பந்தியில எலக்கட்ட அவுத்துப் போடுறாக. எங்கத்த மூக்கு உறிஞ்சுது. இதையெல்லாமா கேசட்டுல வைப்பாக? நாலு பேருக்குப் போட்டுக் காட்ட வேணாமா?"

ஞானதுரை அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். நாகஜோதி மறுபடியும் உட்கார்ந்து, மூக்கு உறிஞ்சலையும் செருப்பையும் நீக்கிப் பாட்டுகளைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்து ஞானதுரை சொன்னார்: "ஜோதி, அவுக கல்யாணத்த அவுக சினிமா மாதிரிப் பாக்க ஆசப்படுறாக. அது தப்பா?"

"தப்பில்ல சார்."

"அப்பறம் என்ன?"

"அவுக கல்யாணத்துல நடந்தது எந்தச் சினிமாலயும் இல்லையே சார்."

ஆனால் இந்த முறை மூலச் சத்தத்தை அவள் அழிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

ஆடி வந்தது. கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோ காற்று வாங்கும். ஒருநாள் காலையில் பலகைக்கு அந்தப் பக்கம் "செருப்பக் காணோம்" என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், அதே செருப்பு. பிறகு ஒரு தவில் அடி. மறுபடியும் செருப்பு. நாள் பூராவும் இப்படியே. அடுத்த நாள் ஒரு குலவை சேர்ந்தது, கரண்டி அண்டாவில் மோதுவது சேர்ந்தது, கல்யாண மண்டப வாசலில் பஸ் அடித்த ஏர்ஹாரன் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் சத்தம் கோடுகோடாகத் தெரியும், அதைத் துணி மாதிரி வெட்டி எங்கே வேண்டுமானாலும் தைக்கலாம் என்று பிறகு காட்டினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. தப்புத்தப்பாகச் செய்து கண்டுபிடித்தாள்.

ஆடி முடிகிற சமயம், ஒரு மத்தியானம், அது கூடிவந்தது. தவில் ஒரு தட்டு. "செருப்பக் காணோம்." கரண்டி இரண்டு தட்டு. "யாரு எடுத்தா?" அத்தையின் மூக்கு உறிஞ்சல் தாளத்தில் சரியாக வந்து விழுந்தது. ஏர்ஹாரன் நாதஸ்வரம்போல நீண்டது. எல்லாம் வேகம் பிடித்து மேலே ஏறி, குலவையில் போய் உடைந்தது. என் கடையில் சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்து நின்றவர்கள் தாளைக் கையில் பிடித்தபடி சிரித்தார்கள். ஒருவர் இன்னொரு தடவை போடச் சொல்லி பலகையைத் தட்டினார்.

மொக்கைச்சாமி கூடுதல் பிரதி கேட்டு வந்தபோது அதைப் படத்தோடு சேர்த்துக் காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "செருப்பத் தேடுறது எங்க சித்தப்பால்ல?" என்றார். பிறகு உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். "சினிமாப் பாட்டு இருக்கட்டும். மொதல்ல இதையும் வச்சுக் குடு."

அப்படித்தான் அது பரவியது. அடுத்த தை மாதத்திலிருந்து வீடியோவின் தொடக்கத்தில் தாமரையும் இல்லை, திராட்சையும் இல்லை. அந்தந்த வீட்டுச் சத்தத்தில் செய்த ஒரு துண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறாக இருந்தது. ஒரு வீட்டில் தேங்காய் உடைக்கிற சத்தம் தாளமானது. இன்னொரு வீட்டில் ஊமையான ஒரு மாமா கைதட்டி ஆட்களைக் கூப்பிடுவது தாளமானது. அந்த மாமாவின் மனைவி கடைக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

ஆனால் விஷயம் தெரிந்ததும் கல்யாண வீட்டுக்காரர்கள் மைக்கைக் கண்டாலே கத்த ஆரம்பித்தார்கள். செருப்புக் காணாமல் போகாதவர்களும் அதன் முன்னால் வந்து செருப்பைத் தேடினார்கள். "தெரிஞ்சு கத்துனா சத்தம் செத்துப்போகுதுண்ணே," என்றாள். சுரேஷ்கண்ணனை மைக்கை வாழைமரத்துக் கட்டுக்குள் ஒளித்து வைக்கச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் சங்கரலிங்கம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தார். அந்த வீட்டுத் துண்டு முழுவதையும் அவர் நாதஸ்வரத்தை வைத்தே செய்து, ஆள் அனுப்பி அவரை வரவழைத்தாள். அவருக்குக் கடன் தீர்க்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அவளிடம் இருந்தது. அவர் கேட்டார்.

"சிரிப்பா இருக்கு. நல்லாருக்கு. ஆனா ஆத்தா, இதுல நான் எங்கன இருக்கேன்?"

"முழுக்க நீங்கதாண்ணே."

"நான் ஒரு சங்கதிய எடுத்து, வளத்து, ஒரு எடத்துல கொண்டுபோயி எறக்குவேன். நீ எறங்க விடாம வெட்டி மறுபடி மேல ஏத்துற. நான் மூச்சு வாங்குன எடத்தக்கூட எடுத்துட்ட. கேக்கக் கேக்க எனக்கு மூச்சு முட்டுது."

"அப்படி வெட்டுனாத்தாண்ணே தாளம் நிக்கும். இது ஒங்க கச்சேரி இல்ல. இது நான் செஞ்சது."

சொன்ன பிறகு அவளே கொஞ்சம் திகைத்தாள். எதையும் 'நான் செஞ்சது' என்று அவள் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

"சரிதான். இது நீ செஞ்சது," என்றார். "அப்ப நான் செஞ்சத என்கிட்டக் குடுத்துரு."

கேசட் போய்ச் சிடி வந்திருந்த நேரம். அன்றிலிருந்து ஒவ்வொரு சிடியின் கடைசியிலும், எல்லாம் முடிந்து நன்றி போட்ட பிறகு, முகூர்த்தத்துக்கு முன்னால் வாசித்த நாதஸ்வரத்தை ஒரு இடத்திலும் வெட்டாமல் சேர்த்தாள். கல்யாண வீட்டார் யாரும் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை. பெரும்பாலோர் அந்த இடம் வருவதற்குள் டிவியை நிறுத்திவிடுவார்கள். திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வேல்விழி என்ற பெண் மட்டும் ஒருமுறை போன் செய்து, விடிகாலையில் சமைக்கும்போது அந்தக் கடைசிப் பகுதியைத்தான் ஓடவிடுகிறேன் என்று சொன்னாளாம். சங்கரலிங்கம் வாசித்த கல்யாணமென்றால் அவருக்கும் ஒரு பிரதி போகும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம். நவீனக் கருவிகளால் கலை வளர்கிறதா, தேய்கிறதா என்பது தலைப்பு. வீடியோ எடுக்கும் வேலை ஞானதுரைக்கு வந்தது. தேய்கிறது என்ற அணியில் பேசிய ஒருவர் நன்றாகவே பேசினார். பொத்தானை அமுக்கினால் வருவதெல்லாம் கலையா, வியர்வை இல்லாமல் வந்தது நெஞ்சில் நிற்குமா என்று கேட்டார். அவளுக்கு அதைப் பலமுறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சிடி வாங்க அவரே வந்தார். பேச்சின் நடுவில் தடுமாறிய ஒரு இடத்தை எடுத்துவிடச் சொன்னார். பிறகு தயங்கி, முடிவில் கைதட்டலைக் கொஞ்சம் நீட்டித்தர முடியுமா என்றும் கேட்டார். அவள் மறுக்கவில்லை. இரண்டையும் செய்துகொடுத்தாள். அவர் போன பிறகு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவுக சொன்னதுல எனக்கு ஒண்ணு உறுத்துதுண்ணே. பொத்தானப் பத்திச் சொன்னது இல்ல. நெஞ்சுல நிக்குமான்னு கேட்டாகல்ல, அது. திராட்ச நின்னுச்சா? இதுவும் நிக்குமான்னு தெரியல."

அந்தச் சந்தேகம் அவளுக்கு மட்டும் இல்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. சங்கரலிங்கம் ஒருநாள் கையில் ஒரு பை நிறையச் சிடிகளோடு வந்தார். ஆள் வாடியிருந்தார்.

"ஆத்தா, நீ குடுத்ததையெல்லாம் வீட்டுல ஒக்காந்து கேட்டேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு. என் வாசிப்ப நானே வெளிய இருந்து கேட்டது இதுவரைக்கும் கெடையாது. ஒவ்வொரு கல்யாணத்துலயும் புதுசா வாசிக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் ஒண்ணுதான். அதே எடத்துல ஏறுறேன், அதே எடத்துல நிக்கிறேன், அதே எடத்துல எறங்குறேன். எனக்கே தெரியாம இத்தன வருசம் ஒரே வழியில போயிட்டு வந்திருக்கேன்."

"நல்லாத்தானண்ணே இருக்கு," என்றாள்.

"நல்லாருக்கு. ஆனா இப்ப நாயனத்துச் சீவாளிய வாயில வச்சாலே அந்தச் சிடிதான் ஞாபகம் வருது. பேசாமக் குடுக்காமயே இருந்திருக்கலாம் நீ."

சில மாதம் அவர் பட்ட பாட்டை அவருடைய தவில்காரர் எங்கள் கடையில் சொல்லிப் புலம்பினார். பழகிய வழியில் போகக் கூடாது என்று இவர் பிடிவாதமாக வேறு பக்கம் திரும்புகிறார், பாதியில் மாட்டிக்கொள்கிறார், தவிலுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. ஒரு மண்டபத்தில் தடுமாறி நடுவிலேயே நிறுத்தியும்விட்டார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு வருஷம் போனபோது அவர் வாசிப்பு மாறியிருந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே பலகை வழியாகக் கேட்டபோது தெரிந்தது. முன்பு அது நேராகப் போய் நேராக வரும். இப்போது நின்று நின்று, தேடித் தேடிப் போனது. சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளையும் வெட்டாமல் சிடியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

நாகஜோதிக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை கோம்பையிலேயே உரக்கடை. ஞானதுரை கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்க முடிவு செய்து ஸ்டுடியோவை அவளிடமே விட்டுவிட்டார். கைக்குழந்தையோடு வருவாள், பவுனு கூடவே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பவுனுதான் ஒருநாள் போடியில் சொந்தக்காரர் வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "ஏடி ஜோதி, அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவே இல்ல. ஆனா அதுல நான் கொலவ போடுறேன்." கோம்பைக் கல்யாணம் ஒன்றில் எடுத்த பவுனின் குலவை யார் கையிலோ போய், கடைகளில் விற்கும் சத்தத் தொகுப்புச் சிடியில் ஏறியிருந்தது. இப்போது எந்த ஸ்டுடியோவும் மைக் வைக்க வேண்டியதில்லை. தவில், குலவை, "செருப்பக் காணோம்" எல்லாம் தயாராக வந்துவிட்டன. பெரியகுளத்துக் கல்யாணத்திலும் மொக்கைச்சாமியின் சித்தப்பாவே செருப்பைத் தேடினார். பவுனுக்கு ஏகப்பட்ட பெருமை. மகள்தான் மூன்றாவது தடவையாக அந்தப் போடி வீடியோவை ஓட்டிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள்.

கோபமா என்று கேட்டேன். "கோபம் இல்லண்ணே. எனக்கும் கொஞ்ச நாளா தவிலு, கத்தல், கொலவன்னு கை தன்னால போயிக்கிட்டிருந்துச்சு. அவுக என்னப் பாத்து எடுக்குறாக. நான் என்னப் பாத்தே எடுக்குறேன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

கல்யாண வேலையை அவள் விடவில்லை. பிழைப்பு அது. தொடக்கத்துத் துண்டை மட்டும் விட்டுவிட்டாள். கேட்டவர்களுக்குத் தயார்ச் சிடியிலிருந்தே போட்டுக்கொடுத்தாள். பாட்டு கேட்டவர்களுக்குப் பாட்டு. அவள் ஓய்ந்துவிட்டாள் என்றுதான் நான் எண்ணினேன்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷக் கோடையில் கருத்தக்கண்ணன் தென்னையைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணறு போட்டார். போர் லாரி வந்து அன்று முழுக்க ஓடியது. நாகஜோதி ஒரு சின்ன ரெக்கார்டரைத் தோட்டத்தில் வைத்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஆடியில் அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு அதிகம் கேட்கவில்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்தாள்.

முடிந்ததும் அப்பாவை வரச் சொன்னாள். என்னையும் கூப்பிட்டாள். திரையில் படம் எதுவும் இல்லை. வெறும் சத்தம்தான்.

முதலில் லாரி பின்னால் வருகிற சத்தம், கல் நொறுங்குவது. குழாய் ஒன்றோடொன்று மாட்டுகிற கணீர். தாளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் அடியில் ஆட்கள் பேசியது துண்டு துண்டாக வந்தது: "புழுதிதான் வருது", "ஈரம் தட்டுதா பாரு". எஞ்சின் சத்தம் போகப்போகக் கனத்தது. அது கனக்கக் கனக்கப் பேச்சு குறைந்தது. ஒரு கட்டத்தில் பேச்சே இல்லை. யாரோ கீழே உட்கார்வது கேட்டது. பிறகு எஞ்சின் நின்றது. அந்த இடத்தில் அவள் ஒன்றையும் வெட்டவில்லை. காகம் ஒன்று கத்தியது. தென்னை மட்டை காற்றில் உரசியது. நெடுநேரம் கழித்துக் கருத்தக்கண்ணனின் குரல், செருமிக்கொண்டு, "சரி, கழட்டிக் கெளம்புங்க" என்றது. அத்தோடு முடிந்தது.

கருத்தக்கண்ணன் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வராததையா பிடிச்சு வச்சிருக்க?" என்றார்.

"ஆமாப்பா."

"இத யாரு வாங்குவா?"

"விக்கிறதுக்குச் செய்யலப்பா."

வெளியே கம்பம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து என் கடைக்குப் போகலாமா என்று யோசித்தேன்.

"இன்னொருக்காப் போடு," என்றார் அவர்.